விசில் அடிக்காத குக்கர்

பிரேசிலின் இட்டஜாயி துறைமுகத்தில் கப்பல் ஏறாமல் குக்கர்கள் லாரியில் திரும்பி வரத் தொடங்கியதிலிருந்து மார்லிசால் ஓர் இடத்தில் நிலையாக உட்கார முடியவில்லை. காபியை எடுத்துக்கொண்டு சன்னல் வரை போவாள், குடிக்காமலே திரும்புவாள். யாராவது பேசிக்கொண்டிருக்கும்போது பாதியில் எழுந்துபோய்க் கதவைச் சாத்துவாள். சாத்தியிருக்கும் கதவைத்தான்.

குக்கரில் ஒரு குறையும் இல்லை. எரிச்சலே அதுதான். பிரேசிலில் குக்கர் என்றால் அடுப்பில் ஏறியதும் ஸ்ஸ் என்று சீறத் தொடங்கி, இறக்கும்வரை சீறிக்கொண்டே இருக்கும். அந்தச் சீறலுக்குப் பயந்து அடுப்பங்கரைப் பக்கமே போகாதவர்கள் வீட்டுக்கு ஒருவர் உண்டு. அந்தச் சத்தத்தை அடக்கினால் உலகமே வாங்கும் என்று முதலாளியிடம் சொன்னவள் மார்லிஸ். புதுப்பொருள் பிரிவின் தலைவி அவள். சத்தமே போடாத மூடியை வடிவமைத்தாள், பெட்டியின் மேல் ‘மௌனம்’ என்று பெரிய எழுத்தில் போட வைத்தாள். கம்பெனி முதல்முறையாகக் கடல் தாண்டியது அந்தக் குக்கரோடுதான். காத்மாண்டுவில் துலாதர் என்ற மொத்த வியாபாரி எடுத்துக்கொண்டார். அந்த ஆர்டருக்காகவே பழைய கிடங்கை இடித்து, மூடியும் வால்வும் பொருத்த ஒரு புது லைன் போட்டார்கள்.

முதல் சரக்கு கடைகளுக்குப் போனதும் துலாதர் தொலைபேசியில் கூப்பிட்டார். குக்கர் எல்லாம் பழுது என்றார். என்ன பழுது என்று கேட்டாள். விசில் வரவில்லை என்றார். விசில் எதற்கு என்று கேட்டாள்.

“மேடம், விசில் வராம பருப்பு வெந்துச்சான்னு எப்படித் தெரியும்?”

கடிகாரத்தைப் பார்த்தால் தெரியும் என்றாள். அவர் மரியாதையாகத்தான் சிரித்தார். விசில் வரும்வரை அடுத்த சரக்கை அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டு வைத்தார்.

இதில் அவளைத் தூங்கவிடாமல் அரித்தது குக்கர் அல்ல. அவள் கணவன் ஒடாயிர் நகராட்சியில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். ஓய்வு பெறும்வரை யாரும் அசைக்க முடியாத வேலை. முதுகு வலி, ஞாயிற்றுக்கிழமை வண்டி, குடிகாரர்களின் வாந்தி எல்லாம் போதும், புது லைனில் சேர்ந்துவிடு, பத்து வருஷத்துக்கு ஆர்டர் இருக்கிறது என்று அவனை நச்சரித்து வேலையை விட வைத்தவள் இவள். அவன் லைனில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. நேபாள ஆர்டர் போனால் லைன் போகும், லைன் போனால் அவன் போவான். பெட்டிகள் ஏன் திரும்பி வருகின்றன என்று அவன் கேட்டபோது, மேலே அச்சில் எழுத்துப் பிழை, மாற்றி அனுப்பப் போகிறோம் என்று சொல்லிவிட்டாள். அவன் சரி என்று செருப்பைக் கழற்றினான்.

முதலாளி எகோன் கத்துகிறவர் இல்லை. கத்தினால்கூடப் பரவாயில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை துலாதர் வீடியோவில் பார்ப்பார், அதற்குள் விசில் அடிக்க வை என்று மட்டும் சொன்னார். மார்லிஸ் பட்டறைக்கு ஓடினாள். அங்கே அச்சு வெட்டும் வால்மோர் அவளுக்காகவே காத்திருந்தவன்போலக் கைகளைத் துடைத்துக்கொண்டான். பட்டறையில் அவளுக்கு வைத்திருந்த பெயர் ‘நிசப்தம்மா’.

“வாங்க நிசப்தம்மா. ஊமையாப் பெத்துட்டு இப்போ பாட்டுப் பாடச் சொல்றீங்களாமே?”

அவள் நின்றுகொண்டே அந்த வாரம் முழுவதும் அவனோடு மூடியில் உட்காரும் விசில் எடைக்கல்லைக் கடைந்து கடைந்து பார்த்தாள். கல் லேசாக இருந்தால் முனகியது, கனமாக இருந்தால் வாயே திறக்கவில்லை. வியாழக்கிழமை மாலை ஒரு கல் சரியாக உட்கார்ந்தது.

வெள்ளிக்கிழமை சோதனை அறையில் பருப்பை ஏற்றினார்கள். எகோன் மேசைக்கு அந்தப் பக்கம், வால்மோர் சுவரோரம், திரையில் துலாதர். தடுப்புக் கண்ணாடிக்கு அப்பால் புது லைன் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே வேலை செய்கிறவர்களிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

குக்கர் வெகுநேரம் சும்மா இருந்தது. பிறகு கல் எகிறி, ரயில் எஞ்சின்போல ஒரு கத்தல். பிரேசிலில் குக்கர் அப்படிக் கத்தினால் அடுத்து மூடி கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும் என்றுதான் அர்த்தம். லைனில் இருந்தவர்கள் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு முற்றத்துக்கு ஓடினார்கள். யாரோ தீ மணியை அழுத்தினார்கள். வால்மோர் எப்போது அறையை விட்டுப் போனான் என்று தெரியவில்லை. எகோன் மேசைக்குக் கீழே குனிந்து, பேனாவைத் தேடுகிறவர்போல இருந்தார்.

எல்லோரும் ஓடிய திசைக்கு எதிராக ஒருவன் மட்டும் ஓடி வந்தான். ஒடாயிர் சோதனை அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, தலையில் வலைத் தொப்பியோடு மூச்சு வாங்கியபடி அவளைப் பார்த்தான். ஒன்றுமில்லை, போ என்று கைகாட்டினாள். அவன் குக்கரைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், போய்விட்டான்.

திரையில் துலாதர் மட்டும் அசையாமல் ஒவ்வொரு கத்தலுக்கும் விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார்.

“மூணு. வெந்துருக்கும் மேடம், அடுப்ப அணைச்சிடுங்க.”

மார்லிஸ் அணைத்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள். அந்த நினைப்பு அதிக நேரம் நிற்கவில்லை. துலாதர் தன் கணக்கைச் சொன்னார். விசில் பிரமாதம், ஆனால் இவ்வளவு அலைச்சல் இனி வேண்டாம். விசில் கல், ரப்பர், மூடி எல்லாம் அவர் ஊரிலேயே கிடைக்கும், பொருத்தவும் ஆள் உண்டு. பாத்திரத்தை மட்டும் அனுப்பினால் போதும், இப்போது எடுப்பதைப்போல இரண்டு மடங்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார். எகோன் மேசைக்கு மேலே வந்து, அவர் முடிப்பதற்குள் ஒப்புக்கொண்டார்.

திரை அணைந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி புது லைன் என்ன ஆகும் என்பது.

“இரண்டு மடங்கு ஆர்டர் வந்திருக்கு, இழவு வீடு மாதிரி நிக்கிறியே மார்லிஸ். லைனுக்கு இனிமே இங்க என்ன வேலை? மெஷினெல்லாம் காத்மாண்டுவுக்குத்தான் போகுது. நீயும் போ. ஒரு வருஷம் இருந்து நிறுவிக் கொடுத்துட்டு வா.”

அவள் சரி என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. முடியாது என்றால் வீட்டில் இரண்டு பேருக்கும் வேலை இருக்காது. அது ஒரு காரணம். இன்னொன்றும் இருந்தது. எங்கேயாவது போய்விட வேண்டும்போல இருந்தது. அதை அவள் தனக்குத்தானே மறைத்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்தபோது ஒடாயிர் மரவள்ளிக்கிழங்கை வெண்ணெயில் புரட்டிக்கொண்டிருந்தான். அவள் பையைக்கூடக் கீழே வைக்காமல், லைனை மூடப் போகிறார்கள் என்றாள். அவன் திரும்பவில்லை.

“தெரியும்.”

“எப்படி?”

“திரும்பி வந்த பெட்டிய இறக்கினது யாரு? நான்தானே. எழுத்துப் பிழைன்னியே, எந்த எழுத்துன்னு ஒவ்வொரு பெட்டியாத் தேடிப் பார்த்தேன். எல்லா எழுத்தும் ஒழுங்காத்தான் இருந்துச்சு.”

பஸ் டிப்போவுக்கும் போய்க் கேட்டுவிட்டு வந்திருந்தான். அவனுடைய தடத்தில் வேறு ஆள் ஓட்டுகிறானாம். திரும்பச் சேர வேண்டுமானால் புதிதாகப் பரீட்சை எழுதி வரிசையில் நிற்க வேண்டுமாம்.

“அன்னைக்கே ஏன் என்கிட்ட கேக்கல?”

“நீயா வாயத் திறக்குறியான்னு பார்த்தேன்.”

அவள் பையைக் கீழே வைத்தாள். இன்னொன்று இருக்கிறது என்றாள். காத்மாண்டு, ஒரு வருஷம். சொன்னபோது அவளுக்கே தன் குரல் அலுவலகக் குரல்போலக் கேட்டது.

“சரின்னு சொல்லிட்டியா? இல்ல, சொல்லலாமான்னு என்கிட்ட கேக்குறியா?”

“சொல்லிட்டேன்.”

அவன் அடுப்பை அணைத்தான். தட்டில் கிழங்கை அள்ளி வைத்து அவள் பக்கம் தள்ளினான். தனக்கு வைத்துக்கொள்ளவில்லை. எதிரே உட்கார்ந்து, அவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். வாசலில் ஒரு பஸ் நின்று ஆளை இறக்கிவிட்டுக் கிளம்பியது. கியர் மாற்றிய சத்தம் கேட்டு அவன் முகத்தைச் சுளித்தான்.

“எப்படி இருக்கு?” என்று கேட்டான்.

உப்பு போதவில்லை. போதவில்லை என்றே சொன்னாள்.