தெரு குடித்த சீம்பால்

செவலைப் பசு கன்று போட்ட சேதி பரவியதும், ராஜபாளையத்தில் நேசையன் வீட்டு வாசலில் ஆளுக்கொரு செம்போடு வந்து நின்றார்கள். அவரும் மடி வற்ற வற்றக் கறந்து எல்லோருக்கும் சீம்பால் ஊற்றினார். மனைவி கிருபாபாய் முறைத்ததைப் பார்க்காததுபோல் இருந்துவிட்டார்.

விடிந்து பார்த்தால் செவலை படுத்துக் கிடக்கிறது. கழுத்தை விலாப்பக்கம் மடித்து, காது சில்லிட்டு, அசைபோடவும் இல்லை, சாணி போடவும் இல்லை. இடது வயிறு உப்பிக்கொண்டு வந்தது. அதை நம்பித்தான் வீட்டில் உலை கொதித்தது.

"தீவனம் அடைச்சிருக்கு. விளக்கெண்ணெய ஊத்துங்க அண்ணாச்சி," என்றான் பக்கத்து வீட்டுச் சமுத்திரம்.

"ஏலே, நேத்து ரெண்டு தடவ செம்போட வந்தவன்தான நீ? சும்மா கெட," என்றாள் கிருபாபாய்.

சொல்லியனுப்பியதும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மாட்டு டாக்டர் காசிராஜன் பஸ்ஸில் வந்து இறங்கினார். இடது விலாவுக்குப் பின்னால் பள்ளத்தில் கைமுட்டியை அழுத்தி வைத்துக் காத்திருந்தார். உள்ளே தீவனம் புரண்டால் கையைத் தள்ளும். ஒன்றும் தள்ளவில்லை.

"கடைசிச் சொட்டு வரைக்கும் கறந்தீரோ?"

"கேட்டாங்கய்யா."

"வயித்துத் தசை சுருங்கினாத்தான் தீவனம் புரளும். அது சுருங்க ரத்தத்துல கால்சியம் வேணும். அம்புட்டையும் கறந்து தெருவுக்கு ஊத்திட்டீரு."

"பாலைத்தான குடுத்தேன்? மாட்டு வயித்தையா குடுத்தேன்?"

"ரெண்டும் ஒண்ணுதான் ஓய்."

கழுத்து நரம்பில் ஊசியை ஏற்றி, மருந்துப் புட்டியைச் சமுத்திரத்திடம் உயர்த்திப் பிடிக்கக் கொடுத்தார் டாக்டர். "வேகமா இறங்கினா மாட்டு நெஞ்சு நின்னுபோவும்," என்றதும் அவன் புட்டியை நேசையனிடம் நீட்டினான்.

"மாடு போச்சுன்னா பொறவு உன்னையத்தான் தொழுவத்துல கட்டுவேன்," என்றாள் கிருபாபாய். நீட்டிய புட்டி மறுபடி உயர்ந்தது.

புட்டி காலியாகும் முன்பே செவலையின் தோல் சிலிர்த்தது. பிறகு நீளமாக ஓர் ஏப்பம். புளித்த வாடை முகத்தில் அடிக்க, டாக்டர் மல்லிகைப்பூவை மோந்ததுபோல் சிரித்தார். அடுத்து வந்தது சாணி. "ஸ்தோத்திரம்!" என்று கூவினாள் கிருபாபாய். மாடு பின்னங்காலை ஊன்றி எழுந்தது.

"ரெண்டு நாளைக்கு மடியக் காலி பண்ணிராதேயும். கன்னுக்கு மட்டும் விடும். யாரு கேட்டாலும் இல்லைன்னு சொல்லும்," என்று சொல்லிவிட்டு டாக்டர் பஸ் ஏறினார். ஊசியைப் பார்த்தபோது வியர்க்காத நேசையனுக்கு இப்போது வியர்த்தது.

மாலையில் வேதக்கோயிலில் ஜெபம் நடத்தும் உபதேசியார் ஞானரத்தினம் தூக்குச்சட்டியோடு வந்தார். "என்ன நேசையா, எனக்கு இல்லாமலா போயிரும்?"

நேசையன் திரும்பிப் பார்த்தார். செவலை கண்ணை மூடி அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"இல்லைங்கய்யா."

உபதேசியாரின் முகம் சுருங்கியதைப் பார்க்க நேசையனுக்குத் தாளவில்லை.

"வேணும்னா சாணி இருக்கு. எம்புட்டு வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க. அதுக்கு டாக்டர் ஒண்ணும் சொல்லல."