பிடுங்கிய ஃபியூஸ்

என் கடையின் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார் மாடியில் குடியிருக்கும் ஓனர்.

"இனி எப்படிக் கடை நடத்துறே, பாக்கலாம்."

கடை அவர் மருமகனுக்கு வேண்டுமாம். வாடகை ஒரு மாதமும் தவறியதில்லை. ரேடியோ, மிக்ஸி ரிப்பேர் செய்துதான் நானும் என் நாத்தனாரும் சாப்பிடுகிறோம். இவர் பிடுங்கினால் நான் மூட்டை கட்டிவிடுவேனா? இன்வெர்ட்டர் செய்ய உட்கார்ந்தேன்.

பன்னிரண்டு வோல்ட் கார் பேட்டரி ஒன்று கிடந்தது. செத்துப்போன ஆம்ப்ளிஃபயரின் டிரான்ஸ்ஃபார்மரைத் தலைகீழாக மாட்டினேன். வீட்டுக் கரண்டைக் குறைத்துக் கொடுத்தது, இனி பேட்டரிக் கரண்டைக் கூட்டிக் கொடுக்கட்டும். அதன் நடு வயர் பேட்டரியின் பிளஸுக்கு, ஓர வயர்கள் ஆளுக்கொரு டிரான்சிஸ்டருக்கு. அவை மாறி மாறித் திறந்து மூட ஒரு சின்ன ஐசி. பற்றவைப்பதற்குக் கரண்ட் ஏது? சோல்டரிங் முனையைக் குறட்டில் பிடித்து, கேஸ் அடுப்பில் காய்ச்சிக் காய்ச்சிப் பற்றவைத்தேன்.

முதல் தடவை போட்டதும் புகைதான் வந்தது. டிரான்சிஸ்டர் இரண்டும் கருகிவிட்டன.

"ஏன் அண்ணி?" என்றாள் நாத்தனார்.

"நம்ம அடுப்படி மாதிரிதான். ஒருத்தி உள்ள இருந்தா இன்னொருத்தி வெளிய இருக்கணும். ரெண்டு பேரும் ஒண்ணா நின்னா பத்திக்கும்."

"நான் வெளிய வர்றதுக்குள்ளேயே நீங்க உள்ள வந்துடுறீங்களே. கொஞ்சம் பொறுத்து வந்தா என்ன?"

குத்தல் எனக்குத்தான். ஆனால் கோளாறும் அதேதான். வேறு இரண்டு டிரான்சிஸ்டர் போட்டு, ஒன்று முழுதாக மூடிய பிறகு, துளி இடைவெளி விட்டு மற்றது திறக்கும்படி மாற்றினேன். பல்பு எரிந்தது. அவள் கைதட்டினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வெளிச்சத்தைப் பார்த்து ஓனர் இறங்கி வந்தார்.

"எங்கேருந்து கரண்ட் திருடுறே?"

"தேடிப் பாருங்க."

சுவரெல்லாம் தடவினார். ஒரு வயரும் அகப்படவில்லை. ஆத்திரத்தில் வீட்டு மெயினையே இறக்கினார். மாடியில் மிக்ஸி நின்றது. "எவன் மெயினை அணைச்சது?" என்று அவர் மனைவியின் குரல் வந்தது. என் பல்பு அசையாமல் எரிந்தது.

அவர் பல்பைப் பார்த்தார். நான் கையை நீட்டினேன்.

"ஃபியூஸைக் கொடுங்க."

"அதான் எரியுதே, அது எதுக்கு?"

"எரியும். ஆனா அது என்னோடது."