மூன்றாம் பலகை

வைத்தீஸ்வரனுக்கு மனிதர்களின் முகத்தைவிட முதுகுதான் பிடிக்கும். இதை அவரே நாலு பேர் கூடிய இடத்தில் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். கேட்டவர்களும் ஏதோ பெரிய தத்துவம் என்று தலையாட்டியிருக்கிறார்கள். தத்துவமாவது மண்ணாவது. மட்டாஞ்சேரி ஜெட்டியிலிருந்து சேந்துருத்துக்குப் போகும் வஞ்சிப் படகில் அவருக்கு வாய்த்த இடம் கடைசிப் பலகை. கடைசியில் உட்கார்ந்தவருக்கு முதுகைத் தவிர வேறென்ன தெரியும்?

சேந்துருத்து காயலுக்கு நடுவே கிடந்த சின்னத் தீவு. ஒரு கயிறு ஆலை, சுற்றிலும் தென்னை, ஒரு சாயாக்கடை, மழைக்காலத்தில் முழங்கால் சேறு, அவ்வளவுதான். அந்த ஆலையில் வைத்தீஸ்வரன் கணக்கெழுதினார். பாலக்காட்டிலிருந்து வந்து மட்டாஞ்சேரியில் வேரூன்றிய குடும்பம். அப்பா மிளகு மண்டியில் கணக்கெழுதினார், மகன் கயிற்றுக்கு எழுதினார். ஆனால் மகனுடைய கக்கத்தில் எப்போதும் ஒரு படம் போடும் புத்தகம் இருந்தது. வஞ்சியில் வரைவார், சாயாக்கடையில் வரைவார், மத்தியானம் தயிர்சாதத்தை விழுங்கிவிட்டு ஊறப்போட்ட மட்டையை, ராட்டினத்தை, அதன் நிழலில் தூங்கும் நாயை வரைவார். ஒரு நாள் வரையாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

"அந்தப் புஸ்தகத்தையே கெட்டிண்டிருக்கலாமே, என்னை எந்துக்குக் கெட்டிண்டேள்?" என்பாள் மனைவி லோகாம்பாள். அவர் பென்சிலைச் சீவுவார்.

முதுகில் ஒரு வசதி உண்டு. அது திரும்பி முறைக்காது, என்னை ஏன் பார்க்கிறாய் என்று கேட்காது. கூச்ச சுபாவமுள்ள மனிதருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? தினமும் காலையில் ஆலைக்குப் போகும் சுமைக்காரர்கள் முன்னால் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். எல்லோருக்கும் ஒரே நீலச் சட்டை. யார் யார் என்று அவருக்குத் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் வஞ்சிக்கார நாணுவைக் கேட்டு வைத்துக்கொண்டார்.

"மூணாம் பலகையிலே யாரு?"

"அது நல்லசிவம், சாமி. உசிலம்பட்டிக்காரன்."

அந்த வஞ்சியில் அவரவருக்கு ஓர் இடம் உண்டு. மாறி உட்கார்ந்தால் படகு சாயும் என்று நாணு சண்டைக்கு வருவான். ஆகவே வைத்தீஸ்வரன் பலகையைப் பார்த்துப் பெயர் எழுதினார். படத்தை முடித்ததும் அடியில் இரண்டாம் பலகை என்றால் வீரபாண்டி, மூன்றாம் பலகை என்றால் நல்லசிவம். கணக்கர் புத்தி எங்கே போகும்?

அந்த மூன்றாம் பலகை முதுகுதான் அவரைப் பிடித்து உலுக்கியது. வலது தோள் இடது தோளைவிடத் தாழ்ந்து, யாரோ காதில் ரகசியம் சொல்லக் குனிந்தது போல ஒரு சாய்வு. மழையில் சட்டை ஒட்டிக்கொள்ளும்போது தோள்பட்டை எலும்பு புடைத்துத் தெரியும். ஓராண்டாக அதையே திரும்பத் திரும்ப வரைந்தார். கண்ணை மூடிக்கொண்டு வரையச் சொன்னாலும் வரைந்திருப்பார்.

நல்லசிவத்தின் முகமும் அவருக்குத் தெரியாததில்லை. சம்பள நாளில் ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்கும் கறுத்த, சிரித்த முகம். ஒருமுறை அந்த முகம் தயங்கித் தயங்கிக் கேட்டது.

"சாமி, எம் மூஞ்சிய ஒரு தரம் எழுதிக் குடுங்களேன். எம் பொஞ்சாதி மாயம்மா ஊருக்குப் போறா. எங்க ஆத்தாளுக்குக் கொண்டுபோய்க் காட்டட்டும்."

"முகத்துக்கெல்லாம் ஸ்டுடியோ இருக்கு. பிராட்வேயிலே போய் எடுத்துக்கோ. நான் வரையறது வேற" என்றார் வைத்தீஸ்வரன். நல்லசிவம் அதற்கும் சிரித்துவிட்டுப் போனான். ஜன்னலில் தெரிந்த முகத்தையும் வஞ்சியில் பார்த்த முதுகையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

எழுபத்தெட்டாம் வருஷம், இடவப்பாதி மழை தொடங்கிய சமயம், எர்ணாகுளத்தில் ஒரு மண்டபத்தில் அவருடைய படங்களை மாட்டினார்கள். அந்த ஊர் ஓவியர் ஒருவர் எப்படியோ புத்தகத்தைப் பார்த்துவிட்டு ஏற்பாடு செய்தது. நடுவில் பெரிதாக மூன்றாம் பலகை முதுகு. கீழே சீட்டில் 'நல்லசிவம், சுமைத் தொழிலாளி' என்று எழுதியிருந்தது. ஓவியர் அதன் முன்னால் வெகுநேரம் நின்று, ஒரு மனிதனைப் பற்றி முகம் சொல்லாததை எல்லாம் இந்த முதுகு சொல்கிறது என்றார். வைத்தீஸ்வரனுக்குக் கால் தரையில் பாவவில்லை. சேந்துருத்திலிருந்து ஒருவரைக்கூட அவர் அழைக்கவில்லை. சுமை தூக்குகிறவனுக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது என்ற நினைப்பு. அந்த நினைப்புக்காகவே அவரை நாலு சாத்து சாத்தலாம்.

கண்காட்சி முடிந்த அன்று அவர் வேலைக்கு லீவு போட்டிருந்தார். அன்று சாயங்காலம் மழைக்குள் திரும்பி வந்த வஞ்சியை ஏதோ ஓர் இழுவைக் கப்பலின் அலை அடித்துக் கவிழ்த்தது. மற்றவர்கள் நீந்தியும் கழியைப் பிடித்தும் கரை சேர்ந்தார்கள். இரண்டு பேரைக் காணவில்லை. ஒருவன் நல்லசிவம். இன்னொருவன் ஔசேப்பு, போர்ட் கொச்சியில் மீன் விற்கும் திரேசியாவின் ஒரே மகன்.

இரண்டு நாள் கழித்து ஒரு பிணம் கிடைத்தது என்று போலீஸ் ஆள் அனுப்பியது. மாயம்மாளுக்கு மலையாளம் வராது. தமிழ் பேசுகிறவர் என்று ஆலை மானேஜர் வைத்தீஸ்வரனை அவளோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். நல்லசிவத்தின் தம்பி வீரபாண்டியும் கூட வந்தான். அவன் அதே வஞ்சியிலிருந்து தப்பியவன். குளிர்ஜுரத்தில் நிற்க முடியாமல் சுவரோரம் சுருண்டு உட்கார்ந்துவிட்டான்.

மாயம்மாள் உள்ளே போனாள், போன வேகத்தில் வெளியே வந்தாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

"முகமே இல்ல சாமி. மீன் தின்னு வச்சிருக்கு. எனக்குத் தெரியல. நீங்க பாருங்க. தெனமும் அவர எழுதுனவுக நீங்க. நீங்க சொன்னாச் சரி." பிறகு அவர் கையைப் பிடிக்காத குறையாகச் சொன்னாள்: "இடுப்புல கறுப்புக் கயிறு இருக்கும். தாயத்து கோத்து நாந்தேங் கட்டிவிட்டேன்."

வைத்தீஸ்வரன் உள்ளே போனார். முகம் இருந்த பக்கம் அவர் பார்க்கவே இல்லை. கூரையைப் பார்த்துக்கொண்டே, "திருப்பிப் போடுங்கோ" என்றார். அங்கிருந்த ஆட்கள் பிணத்தைக் குப்புறப் போட்டார்கள்.

அதே முதுகு. தண்ணீரில் ஊதியிருந்தும் வலது தோள் தாழ்ந்தே கிடந்தது. புடைத்த எலும்பு, கழுத்தின் சாய்வு எல்லாம் அவருக்கு மனப்பாடம். சொல்லக் கூசுகிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். அந்தக் கணத்தில் அவருக்குத் துக்கத்தோடு ஒரு திருப்தியும் வந்தது. பெற்ற தாய் வந்தாலும் இவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடியாது என்று நினைத்தார்.

"இடுப்பில் கயிறு இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றார்கள். தண்ணி அறுத்திருக்கும் என்று தனக்குத்தானே பதிலும் சொல்லிக்கொண்டார்.

வெளியே கான்ஸ்டபிள் காத்திருந்தார். "மற்றவனுடைய அம்மாவையும் மாதா கோயில் ஆட்கள் மத்தியானத்துக்குள் கூட்டி வருவார்கள். சந்தேகம் இருந்தால் அதுவரை பொறுங்கள்" என்றார் அவர் மலையாளத்தில்.

"சந்தேகமே இல்லை. இது நல்லசிவம்தான்" என்றார் வைத்தீஸ்வரன்.

மத்தியானம் திரேசியா வந்து சேர்ந்தபோது சுடுகாட்டில் விறகு அடுக்கியாகிவிட்டது. அது உன் மகன் இல்லை, தமிழன் என்று சொல்லி அவளைத் திருப்பி அனுப்பினார்கள். அப்படியானால் ஔசேப்பு எங்கேயாவது கரையேறியிருப்பான் என்று அவள் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றப் போனாள். வீரபாண்டி ஜுரத்தோடு கொள்ளி வைத்தான். மாயம்மாளின் தாலியைக் கழற்றினார்கள். சாம்பலைக் கடலில் கரைத்தார்கள்.

அடுத்த பிணம் வைப்பின் தீவின் கரையோரம், ஆகாயத்தாமரைக்குள் சிக்கிக் கிடந்தது. அதற்கும் முகம் என்று ஒன்றும் மிச்சமில்லை. இடுப்பில் கறுப்புக் கயிறு இருந்தது, கயிற்றில் தாயத்து இருந்தது.

கான்ஸ்டபிள் அந்தத் தாயத்தைக் காகிதத்தில் பொதிந்து ஆலைக்கே கொண்டுவந்தார். மாயம்மாள் தாயத்தை உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பார்த்தாள். வைத்தீஸ்வரனை அவள் திட்டியிருக்கலாம், மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை.

"யாரு பெத்த பிள்ளைக்கோ அழுது தீத்துட்டேன் சாமி. எம் புருசனுக்கு அழக் கண்ணுல தண்ணி இல்ல" என்றாள்.

ஔசேப்பைப் புதைக்க வேண்டும். குருத்தோலைச் சிலுவை வைத்து, மணியடித்து, அப்பன் பெயர் எழுதிய கல்லுக்குப் பக்கத்தில் கிடத்த வேண்டும். அவனோ சாம்பலாகிக் கடலில் போய்விட்டான். மாதா கோயிலில் பாதிரி அச்சன் ஜெபம் சொன்னார். குழி மட்டும் தோண்டவில்லை, உள்ளே வைக்க ஒன்றும் இல்லாததால்.

வைத்தீஸ்வரன் படுத்துவிட்டார். வஞ்சியில் ஏறவில்லை, பென்சிலைத் தொடவில்லை. லோகாம்பாள் கஞ்சியை வைப்பாள், ஆறியதும் எடுத்துக்கொண்டு போவாள். அவருக்குப் புரியாதது ஒன்றே ஒன்றுதான். அந்த முதுகு எப்படிப் பொய் சொல்லும்? தன் கண் எப்படித் தப்பும்?

மழை விட்ட ஒரு காலையில் திரேசியா வந்தாள். மீன்கூடை இல்லாமல், துவைத்த வெள்ளைச் சட்டையும் முண்டும் உடுத்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். மட்டாஞ்சேரிச் சந்தையில் தமிழர்களுக்கு மீன் விற்றுப் பழகியதால் அவளுக்குத் தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு வரும்.

"வழக்குப் பேச வந்ததல்ல சாமி" என்றாள். "என் மோனைக் கடைசியா கண்டது நீங்க. முகம் எப்படி இருந்தது? வேதனை இருந்ததா? அது மட்டும் சொன்னா மதி, போதும்."

வைத்தீஸ்வரன் எழுந்து உட்கார்ந்தார். அமைதியாகத் தூங்குவது போல இருந்தது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம், அதற்கும் அவருக்குத் துணிவு வரவில்லை.

"முகத்தை நான் பார்க்கலை" என்றார்.

அவளுக்கு அது புரியவில்லை. பார்க்காமல் எப்படி ஆளைச் சொன்னீர்கள் என்று கேட்டாள். அவருக்கோ தான் அசட்டுத்தனமாக எதுவும் செய்யவில்லை, யாராக இருந்தாலும் இப்படித்தான் தவறியிருப்பார்கள் என்று காட்டிவிட வேண்டும் போல ஒரு பரபரப்பு. எர்ணாகுளத்திலிருந்து திரும்பி வந்து சுவரோரம் சாய்த்து வைத்திருந்த பெரிய படத்தைத் தூக்கி வந்து அவள் முன்னால் வைத்தார்.

"இதோ பாருங்கோ. இதான் நல்லசிவம். ஓராண்டா நான் வரைஞ்ச முதுகு. அன்னிக்கு அங்கே கிடந்ததும் அச்சு அசல் இதே மாதிரி. அதான் தப்பிப் போச்சு."

திரேசியா குனிந்து பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்தாள். கையை நீட்டி, கண்ணாடிக்கு மேலே அந்தத் தாழ்ந்த வலது தோளைத் தொட்டாள்.

"இது என் ஔசேப்பு" என்றாள்.

"இல்லை, அது மூணாம் பலகை..."

"மூணாம் பலகை தான். அப்பனைக் கடல் கொண்டுபோனதில பின்னே இவனுக்குத் தண்ணி என்றாலே பயம். அதான் கடலுக்கு விடாமே சுமட்டு வேலைக்கு விட்டேன். போன வருஷம் புதுசா சேர்ந்தப்போ, நடுவில தண்ணி தெறிக்காதுன்னு நாணுவையும் சம்மதிக்க வச்சு அந்த நல்லசிவன் தன் இடத்தை இவனுக்குக் கொடுத்து முன்னாலே போய் இருந்தான். நல்ல மனுஷன் என்று மோன் எப்பவும் சொல்லும்." அவள் விரல் படத்தின் தோளிலிருந்து எடுபடவே இல்லை. "சின்னதில தெங்கு மரத்தில இருந்து விழுந்து இந்த எலும்பு ஒடிஞ்சது. நான்தானே எண்ணெய் போட்டுத் தடவினேன். எனக்குத் தெரியாதா?"

வைத்தீஸ்வரனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கண் தவறவில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்தது அவர் வரைந்த அதே முதுகுதான். பெயர்தான் தப்பு. ஓராண்டாக ஔசேப்பை வரைந்து வரைந்து நல்லசிவம் என்று எழுதியிருக்கிறார். ஒரே ஒரு நாள் அந்த முதுகுக்காரன் யார் என்று எட்டிப் பார்த்திருந்தால் போதும். மத்தியானம் வரை பொறுத்திருந்தாலும் போதும், இவள் ஒரு விரலை வைத்துச் சொல்லியிருப்பாள். அழ நினைத்தார், அவள் முன்னால் அழுவதற்குத் தனக்கு என்ன யோக்கியதை என்று அடக்கிக்கொண்டார்.

"நீங்களே எடுத்துண்டு போங்கோ" என்றார். "பெயரை மாத்தித் தரேன்."

திரேசியா படத்தைப் பின்பக்கம் திருப்பினாள். அட்டைதான் இருந்தது. மறுபடி இந்தப் பக்கம் திருப்பினாள். கல்யாணத்துக்கு எடுக்கலாம் என்று சொல்லிச் சொல்லி ஒரு போட்டோகூட எடுக்காமல் விட்டதைச் சொன்னாள்.

"இத்தனை நாள் பின்னாலேயே இருந்தீங்களே சாமி. ஒரு தடவை பேர் சொல்லி விளிச்சிருந்தா, திரும்பியிருப்பானே."