காக்கையும் சிவப்புக் குச்சிகளும்

அத்தானின் சட்டை சிவப்பா, செங்கல் நிறமா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம்தான். அக்கா ஒன்று சொல்வாள், அத்தான் வேறொன்று சொல்வார். நானும் அங்கேதான் இருந்தேன். ஆனாலும் சத்தியம் செய்ய மாட்டேன். அதிகம் பேசாதவன் எல்லாவற்றையும் நன்றாகப் பார்த்திருப்பான் என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியொன்றும் இல்லை. அந்தப் பறவை மட்டும் மனதில் பிசகாமல் இருக்கிறது.

கடற்கரை நாற்றுப்பண்ணைக்கு அக்காதான் பொறுப்பு. தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. உள்ளே ஈரச் சாக்குகளில் சுற்றிய அடம்பங்கொடித் தண்டுகள், மூலையில் எத்தனை முறை இறுக்கினாலும் சொட்டும் ஒரு குழாய். மணலைக் காற்று அள்ளிக்கொண்டு போகாதபடி கடலோர மேட்டில் அடம்பு நடுவது எங்கள் வேலை. அத்தான் தண்ணீர் வண்டி ஓட்டினார். நான் நீர் ஊற்றினேன்.

அடம்பைப் பார்த்தபடி மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன். கால் வைத்தால் சுடுகிற மணலில் ஆட்டுக்குளம்பு போன்ற இலைகளை விரித்துக்கொண்டு கடலை நோக்கி ஓடும். மணல் மூடினால், மூடிய இடத்திலேயே வேர்விட்டு மேலே வரும். புதைக்கப் புதைக்கப் பெருகும் செடி. பக்கத்தில் இராவணன் மீசைப் புல். அதன் முள்பந்துகள் காற்றில் உருண்டோடுவதைப் பார்த்தால், அவற்றுக்கு எங்கோ அவசர வேலை இருப்பதுபோலத் தோன்றும்.

அந்த மேட்டில்தான் உப்புக்கொத்திகள் முட்டையிட்டிருந்தன. கைக்குள் அடங்கும் பறவை. கூடென்று பெரிதாக ஒன்றுமில்லை. மணலில் சின்னக் குழி, அதில் மணல் நிறத்திலேயே புள்ளி போட்ட முட்டைகள். குனிந்து தேடினாலும் கண் தவறவிடும். நடவு ஆட்கள் மிதித்துவிடக் கூடாதே என்று, கூடு கண்ட இடத்திலெல்லாம் அக்கா சிவப்புத் துணி கட்டிய குச்சியை ஊன்றினாள்.

முதல் கூடு காலியானபோது நண்டு என்றோம். அடுத்தது காலியானபோது காக்கையைக் கையும் களவுமாகப் பார்த்தோம். அது மேட்டில் எங்கும் தேடவில்லை. நேராகக் குச்சிக்கு வந்து இறங்கி, அடியில் சாவகாசமாகச் சுற்றிப் பார்த்தது.

"நல்லாயிருக்கு," என்றார் அத்தான். "காக்காவுக்கு விருந்து வெச்சு, விலாசமும் எழுதிக் குடுத்திருக்க."

அக்கா சிரிக்கவில்லை. மிச்சம் ஒரே ஒரு கூடு.

"குச்சியப் பிடுங்கிடலாமே," என்றேன்.

"பிடுங்கினா நாளைக்கு ஆளுங்க கால்ல மாட்டும்டா."

"நடவத் தள்ளிப்போடு."

"தண்டெல்லாம் வாடிட்டிருக்கு."

"அந்த இடத்த மட்டும் விட்டுட்டு நடச் சொல்லு."

"எந்த இடம்னு எப்படிக் காட்டுறது? குச்சி வெச்சுத்தானே?"

பேசிக்கொண்டே கூட்டை நெருங்கிவிட்டோம் போல. திடீரென்று தாய்ப்பறவை எங்கள் முன்னால் விழுந்தது. ஒடிந்ததுபோல ஒரு இறக்கையை மணலில் இழுத்துக்கொண்டு, கத்திக்கொண்டு, கூட்டுக்கு எதிர்த்திசையில் நகர்ந்தது. அத்தான் பதறிப்போய் அதன் பின்னாலேயே போனார். போதுமான தூரம் அவரை இழுத்துச் சென்றதும் அது ஜம்மென்று பறந்துவிட்டது.

"அடேங்கப்பா! உன் தம்பி லீவு கேக்கறப்பகூட இவ்வளவு நல்லா நடிச்சதில்லடி."

அக்கா பறவை போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அது பொய் சொல்லித்தானே காப்பாத்துது," என்றாள் கடைசியில். "நாமளும் சொல்லுவோம். மேடு முழுக்க குச்சி ஊனலாம்."

"துணி?"

அவள் தண்ணீர் வண்டியைப் பார்த்தாள். கதவில் அத்தானின் சட்டை தொங்கியது.

"ஏய், அது புதுசு!"

"உங்களுக்கு அந்தக் கலர் எடுக்கலங்க."

அன்று பொழுது சாய்வதற்குள் மேடு முழுக்க, சட்டையைக் கிழித்துக் கட்டிய குச்சிகள். எந்தக் குச்சியானாலும் ஒரு கை தூரம் விட்டு நட வேண்டும் என்று ஆட்களிடம் சொன்னாள். விட்ட இடத்தை அடம்பு தானாக மூடிக்கொள்ளும்.

மறுநாள் காக்கை வந்தது. ஒரு குச்சியடியில் தேடியது, அடுத்ததற்குப் போனது, அதற்கடுத்ததற்கும் போனது. பிறகு ஒரு குச்சியின் மேலேயே உட்கார்ந்து எங்களைப் பார்த்துக் கரைந்தது. "திட்டுது," என்றார் அத்தான். வெறும் பனியனோடு இருந்தாலும் அவர் முகத்தில் அப்படியொரு மகிழ்ச்சி. அதற்குப் பிறகு அது குச்சிகளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தக் கூட்டிலிருந்த மூன்று முட்டையும் பொரிந்தன. குஞ்சுகள், இறகு காய்ந்ததுமே, பஞ்சுக்குக் கால் முளைத்ததுபோல ஓடின. ஒன்று பிறகு காணாமல் போனது, எப்படியென்று தெரியாது. மற்ற இரண்டும் பறந்துபோயின. விட்ட இடங்களை அடம்பு மூடிவிட்டது, மேடு நகரவில்லை. அக்கா இன்னும் அதே பண்ணையில் இருக்கிறாள். இப்போதெல்லாம் கூட்டைக் கண்டாலும் கண்டதாகக் காட்டிக்கொள்வதில்லை. நடவு நாளில் மட்டும் மேடு முழுக்கக் குச்சி ஊன்றுகிறாள். அத்தான் வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டு டயர் கடை வைத்திருக்கிறார். நான் நூலகத்தில் வேலை செய்கிறேன். காக்கை வெகுநாள் அங்கேதான் இருந்தது.