நெடுந்தீவில் விழுந்த பொறி

சரவணை என்ற ஊரில் செல்வரத்தினம் தன் தகப்பன் காலத்துக் காரின் சாவித் திறப்பைத் திருப்பியபோதெல்லாம், பொறி காரின் பிளக்கில் விழாமல் கடல் கடந்து போய் நெடுந்தீவில் மேரிசுகந்தியின் குசினி அடுப்பில் விழுந்தது. அடுப்பில் விறகு இருந்தால் பற்றியது. இல்லாவிட்டால் சாம்பல் கொஞ்சம் எழும்பி அடங்கியது. நெடுந்தீவில் இதைப் பெரிதாக யாரும் எடுக்கவில்லை. உப்பைத் தவிர மற்றச் சாமான் எல்லாம் படகுக்கூலியோடு வருகிற ஊரில் ஒன்றாவது சும்மா வருகிறதே என்று சிலர் பொறாமைப்பட்டார்கள், அவ்வளவுதான்.

சரவணையில் நிலைமை வேறு. செல்வரத்தினம் பிளக்கைக் கழற்றி, வயரோடு எஞ்சின்மேல் கிடத்தி, மனைவி சரோஜினிதேவியைத் திறப்பைத் திருப்பச் சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தார். நீலப் பொறி வரவேண்டும், மஞ்சள்கூட வரவில்லை. உப்புக்காற்று கடித்த தொடுமுனைப் பொயின்றைத் தேய்த்தார், அதன் இடைவெளியைச் சிகரட் பெட்டி மட்டையைச் செருகிச் சரிபார்த்தார். கண்டென்சரை மாற்றினார், கொயிலை மாற்றினார், கொயில் விற்ற கடையையும் மாற்றினார். சின்ன பல்ப் ஒன்றை வயரில் கட்டி மின்சாரத்தைப் பின்தொடர்ந்தார்: கொயில் வரைக்கும் ஒழுங்காக வந்தது, அதற்கப்பால் சொல்லாமல் கொள்ளாமல் எங்கேயோ போனது. அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சோற்றில் கையை வைத்துவிட்டு எழும்பிப்போய்த் திருப்பினார். செத்தவீட்டிலிருந்து பாதியில் வந்து திருப்பினார்.

அந்தரத்துக்குக் காரணம் இருந்தது. கனடாவில் இருக்கிற மகள் கோபிகா தாய்க்கு விசா எடுத்துவிட்டாள். தகப்பனுக்கும் சேர்த்து எடுக்கக் கேட்டபோது, காரை ஆர் பார்க்கிறது என்று செல்வரத்தினம் மறுத்திருந்தார். கலியாணம் செய்த புதிதில் மண்கும்பான் கடற்கரைக்குக் காரில் கூட்டிப்போவதாக அவர் சொன்ன வாக்கை, சரோஜினிதேவி இடம்பெயர்ந்த ஊரெல்லாம் சுமந்து திரிந்து, போன வருடம்தான் மறுபடி சரவணைக்குக் கொண்டுவந்திருந்தார்.

“இஞ்சாருங்கோ, கார் தன்ர காலில மண்கும்பான் போய் வந்தா நான் இருக்கிறன். இல்லாட்டில் பிளேன் ஏறிறன். அதெண்டாலும் ஸ்டார்ட் ஆகும்” என்றார்.

பொறி போகிற இடத்தைக் கண்டுபிடித்தது மீன் வியாபாரி ஒருவர். மேரிசுகந்தியின் குசினிவாசலில் நின்று அவர் செல்வரத்தினத்தோடு போனில் கதைத்துக்கொண்டிருக்க, அந்தப் பக்கம் திறப்பு திரும்பியது, இந்தப் பக்கம் அடுப்புப் பற்றியது. மேரிசுகந்தி போனைப் பறித்தார்.

“அண்ணை, திருப்பிறதெண்டா விடிய ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா திருப்புங்கோ. கண்ட நேரமெல்லாம் திருப்பாதையுங்கோ. என்ர குசினி ஓலைக்கூரை.”

“பிள்ளை, ஸ்டார்ட் ஆகுமட்டும் நிப்பாட்ட ஏலாது.”

“அப்ப மத்தியானத்துக்கு ஒண்டு கூட்டித் தாறன். அதுக்குமேல ஒரு பொறியும் எடுக்கன்.”

பேரம் படிந்தது. செல்வரத்தினம் அன்று பின்னேரமே அதை மீறியதில் கூரையின் ஒரு மூலை கருகியது. ஆனால் போன் கதை முடியும்போது, தான் வள்ளக்காரப் பிலிப்புவின் மகள் என்று மேரிசுகந்தி சொல்லியிருந்தார். அதுதான் செல்வரத்தினத்தைக் கதிரையில் இருக்கவிடாமல் செய்தது. சண்டைக்குப் பயந்து சரவணை இருக்கிற தீவைவிட்டுச் சனம் ஓடிய நாட்களில், காரை எவனும் கொண்டுபோகக்கூடாதென்று அதன் ரோட்டரைக் கழற்றியவர் அவர். பொறியைப் பிளக்குகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிற பெருவிரல் அளவுத் துண்டு அது. அது இல்லாவிட்டால் காரும் அலுமாரியும் ஒன்று. கார் வைத்திருந்த பலர் அப்போது அப்படித்தான் செய்தார்கள். வழியில் சோதிக்கிறவர்கள் இது எந்த இயந்திரத்துத் துண்டு என்று கேட்பார்களே என்று பயந்து, வள்ளத்தில் ஏற்றிவந்த பிலிப்புவிடம் அதைக் கொடுத்தார். திரும்பி வந்ததும் புதிது வாங்கிப் போட்டார். பழையதை மறந்தே போனார்.

அடுத்த நாள் முதல் படகில் நெடுந்தீவுக்குப் போனார். மேரிசுகந்தி அலுமாரியிலிருந்து துணிப்பொட்டலம் ஒன்றை எடுத்து அவிழ்த்தார். ரோட்டர் கடையில் இருப்பதைவிடப் புதிதாக மினுங்கியது.

“உப்புப் பிடிக்க விடாத, கேட்டு வருவினம் எண்டு அப்பா சாகேக்க சொன்னவர். ஞாயிறு பூசைக்குப் போகமுன்னம் துடைச்சு வைக்கிறனான். கொண்டுபோங்கோ அண்ணை, என்ர கூரை தப்பட்டும்.”

மறுபேச்சு இல்லாமல் ஒரு சாமான் கைக்கு வரும்போது சந்தேகப்பட வேண்டும். செல்வரத்தினம் சந்தேகப்படவில்லை. ஞாயிறு காலை அதைப் பூட்டித் திறப்பைத் திருப்பினார். எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லை. கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

“அண்ணை, பூசைக்குள்ள என்ன வேலை பாத்தனீங்கள்? என்ர கையில கிடந்த மெழுகுதிரி தன்பாட்டில பத்தீட்டுது! பூசை வைச்ச சுவாமி என்னைப் பாத்த பார்வை!”

பக்கத்தில் நின்று கேட்ட சரோஜினிதேவி சிரிக்கவில்லை. “பொறி ரோட்டரைத் தேடிப் போகேல்லை. இவ்வளவு காலமும் ஆர் துடைச்சதோ அவையிட்டப் போகுது. நீங்கள் திருப்பித் திருப்பிப் பாத்தனீங்களே ஒழிய, ஒருநாளெண்டாலும் துடைச்சனீங்களே?” காரைப் பற்றித்தான் சொல்கிறாரா என்று செல்வரத்தினம் கேட்கவில்லை.

பிறகு சரோஜினிதேவியே போனை வாங்கி மேரிசுகந்தியை வரச்சொன்னார். சனிக்கிழமை மேரிசுகந்தி கருவாட்டுப் பையோடு வந்து, முன்சீற்றில் இருந்த சரோஜினிதேவிக்குப் பின்னால் காரின் பின்சீற்றில் ஏறி இருந்தார். திறப்பு திரும்பியது. கடல் தாண்டும் வேலை இல்லாததால் பொறி பிளக்கிலேயே விழுந்தது. எஞ்சின் ஒருமுறை செருமி, கோழிகளைக் கலைத்து, ஓடத் தொடங்கியது. வலது உள்ளங்கையில் இறால் துள்ளுவதுபோல் இருக்கிறது என்று மேரிசுகந்தி சொன்னார். மண்கும்பானில் அவர் ஒரு தேத்தண்ணி குடிக்க இறங்கியதும் எஞ்சின் நின்றது, ஏறியதும் ஓடியது.

திரும்பி வரும் வழியில் செல்வரத்தினம் பின்சீற்றைக் காட்டும் கண்ணாடியைத் திருத்தினார். திருத்திய கையோடு இன்னொருமுறை திருத்தினார்.

“பின்னுக்கு என்ன பாக்கிறியள்?” என்று சரோஜினிதேவி கேட்டார்.

“பொறி வருகுதோ எண்டு.”

 சரோஜினிதேவி அன்றைக்கே கோபிகாவுக்குப் போன் எடுத்து, கார் ஓடுகிறபடியால் வரவில்லை என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறா என்று மகளும் செல்வரத்தினமும் நம்பினார்கள். கார் ஓடுகிறபடியால்தான், ஆனால் அது ஆரோடு ஓடுகிறது என்பதை அவர் விளக்கிச் சொல்லவில்லை.

சரோஜினிதேவி ஏறாமல் விட்ட விமானம் புறப்படும் நாளும், மேரிசுகந்தி வருகிற ஒரு சனிக்கிழமையாக வாய்த்தது. சரோஜினிதேவி முன்சீற்றில் ஏறி, கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, தலையைத் திருப்பாமல் கேட்டார்.

“மேரி, பொறி வருகுதே?”

“வருகுது, அக்கா.”

“அப்ப எடுங்கோ” என்று கணவரிடம் சொன்னார்.