நிம்றா நிலக்கரியான பாடம்

கடற்கரை ரயில் போகும்போது வகுப்பே வாயை மூடிக்கொள்ளும் அந்த வெள்ளவத்தைப் பள்ளிக்கூடத்தில், ரயிலுக்கும் அடங்காத ஒரே வாய் தரம் ஒன்பது நிம்றாவுடையது. விஞ்ஞானம் கற்பிக்கும் ரூபிகா டீச்சருக்கு அந்த வாயைப் பிடிக்கும், வேறு நாளென்றால். இன்று ஆசிரிய ஆலோசகர் தனஞ்சயன் பாடம் பார்க்க வருகிறார். அவர் நல்லதாக எழுதினால்தான் டீச்சரின் நியமனம் நிரந்தரமாகும். போன தவணை பள்ளிக்கூட அதிபர் வகுப்புக்கு வந்தபோது, டீச்சர் நேற்றும் இதே பாடத்தைத்தான் நடத்தினார் என்று எழும்பிச் சொன்னவள் நிம்றா. யாரும் கேட்கக்கூட இல்லை என்பதுதான் கொடுமை.

இந்த முறையும் டீச்சர் முதல்நாளே ஒத்திகை பார்த்துவிட்டார். ஆலோசகர் வரும் நாளில் ஒத்திகை பார்க்காத டீச்சரும் உண்டா என்ன?

பாடம் காபன் வட்டம், கரி காற்றுக்கும் மண்ணுக்கும் உயிர்களுக்கும் இடையே சுற்றிவரும் கதை. பிள்ளைகள்தான் காபன். காற்று, மரம், மாடு, மண், கடல் என்று மேசைகளில் பெயர் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு மேசையிலும் சீட்டு எடுத்து, அது சொல்லும் இடத்துக்குப் போகவேண்டும். மூலையில் இருந்த நிலக்கரி மேசைக்கு மட்டும் சீட்டு இல்லை. அங்கே இருப்பவர் கோடிக்கணக்கான வருஷம் அசையவும் கூடாது, கதைக்கவும் கூடாது. யாராவது நெருப்பென்று ஒரு சிவப்புக் கடதாசியைக் கொண்டுவந்து முன்னால் வைத்து 'எரித்தால்'தான் விடுதலை. டீச்சர் நிம்றாவை அங்கே இருத்தினார். சிவப்புக் கடதாசியைத் தன் கைப்பைக்குள் போட்டு ஸிப்பையும் இழுத்தார்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. கடைசியில் தனஞ்சயன் ஒரு கேள்வி கேட்டார்.

"காற்றில காபனீரொட்சைட்டு இப்ப ஏன் இவ்வளவு கூடுது?"

சனம் கூடி மூச்சு விடுவதால் என்றாள் ஆரணி. பின்வரிசை வாங்கிலிருந்து ஒருவன் மாடுகள் மேல் பழியைப் போட்டான். மற்றவர்கள் டீச்சரின் முகத்தைப் பார்த்தார்கள். தனஞ்சயனின் பேனை தாளை நோக்கி இறங்கியது. மூலையில் நிம்றா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணால் கத்திக்கொண்டிருந்தாள்.

பதில் வராவிட்டால் நியமனம் போச்சு. நிம்றா வாய் திறந்தால் என்னென்ன போகுமோ. டீச்சர் ஒரு பெருமூச்சோடு கைப்பையின் ஸிப்பைத் திறந்து, சிவப்புக் கடதாசியைக் கொண்டுபோய் நிம்றாவின் முன்னால் வைத்தார்.

நிம்றா துள்ளி எழும்பிக் காற்று மேசைக்கு ஓடினாள். "சேர், இவங்க இவ்வளவு நேரமும் சுத்திச் சுத்தி வந்தாங்க. ஆனா மொத்தத்தில ஆள் கூடவே இல்ல. இப்ப டீச்சர் என்னை எரிச்சதாலதான் காத்துக்கு ஒராள் கூட. மண்ணுக்குள்ள கிடந்தத தோண்டித் தோண்டி எரிச்சா கூடிக்கிட்டேதானே போகும்?"

தனஞ்சயன் பேனையை வைத்துவிட்டார். டீச்சருக்குப் பெருமையில் கண் கலங்கியது.

"எப்பிடிப் பிள்ளை கண்டுபிடிச்சனீ?"

"வாய மூடிக்கிட்டுப் பாத்துக்கிட்டே இருந்தேன் சேர். நேத்து பழகக்குள்ள நான் மர மேசையில. கதச்சுக் கதச்சு ஒண்டுமே விளங்கல்ல."

டீச்சர் மூலை மேசையைப் பார்த்தார். எரிந்ததைத் திரும்ப நிலக்கரியாக்க அவர் ஒரு சீட்டும் எழுதி வைக்கவில்லை.

தனஞ்சயன் நீளமாக ஏதோ எழுதி, கையெழுத்தும் போட்டார். தாளை டீச்சரிடம் நீட்டியபோது அவர் மீசைக்குள் சிரிப்பு இருந்தது.

"நல்ல பாடம் டீச்சர். நேற்றும் வந்து பாத்திருக்கலாம் போல."

காற்று மேசையில் நின்ற நிம்றா, நேற்று நடந்ததை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.