பன்றிக்குக் கிடைத்த கீழறை

ஸ்பெயினில் ஆவிலா கோட்டைக்குள் வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல புத்தி உண்டு. தரையைத் தோண்டும்போது பழைய கல் ஏதாவது தட்டுப்பட்டால், கதவைச் சாத்தி மணலைப் போட்டு மூடிவிட்டு, வாயையும் மூடிக்கொள்வார்கள். பெனிக்னோவுக்கு மட்டும் அந்தப் புத்தி அன்றைக்கு எங்கே போய்த் தொலைந்ததோ தெரியவில்லை.

அவன் மனைவி கசில்டா இடுப்பெலும்பு முறிந்து மாடியறையில் கிடந்தாள். படியோ செங்குத்து. கீழே தட்டுமுட்டுச் சாமான்கள் கிடந்த அறையில் ஒரு குளியலறை கட்டிக் கட்டிலைப் போட்டுவிட்டால் அவள் இந்த வீட்டிலேயே இருந்துகொள்ளலாம். இல்லாவிட்டால் கோட்டைக்கு வெளியே, லிஃப்ட் உள்ள மகள் வீட்டுக்குத்தான் போகவேண்டும். அது மட்டும் ஆகாது என்று கசில்டா பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள்.

குழாய்க்குப் பள்ளம் தோண்டிய கொத்தனார் லாசரோவின் கடப்பாரை டங்கென்றது. மண்ணை வழித்துப் பார்த்தால், கருங்கல்லில் ஒரு பன்றி. ரோமாபுரிக்காரன் வருவதற்கும் முன்னால் எவனோ செதுக்கியது, மூக்குக்கூட உடையவில்லை.

"நாம இதப் பாக்கவே இல்ல, சரியா? சாயங்காலத்துக்குள்ள சிமென்ட் போட்டுடறேன்," என்றான் லாசரோ.

பெனிக்னோவும் தலையாட்டிவிட்டுத்தான் மதுக்கடைக்குப் போனான். அங்கே கோன்சாலோ உட்கார்ந்திருந்தான். தன் வீட்டு வாசல்மேல் ஏதோ பிரபுவின் கேடயம் செதுக்கியிருப்பதால் தன்னையே பிரபுவாக நினைத்துக்கொள்கிற ஆள்.

"ஒன் வீட்ல என்னப்பா இருக்கு? எலியாவது இருக்கா?"

கடையே சிரித்தது. பெனிக்னோவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"போடா! எங்க வீட்டுத் தரைக்குள்ள ஒரு கல்லுப் பன்னி இருக்கு. ஒன் கேடயத்துக்குக் கொள்ளுத்தாத்தாடா அது!"

சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டான். மறுநாள் காலைக் காபி ஆறுவதற்குள் தொல்லியல் ஆட்கள் வந்து வேலையை நிறுத்திக் கயிறு கட்டிவிட்டார்கள்.

"எப்பம்மா முடியும்?" என்று அவர்களில் ஓர் இளம்பெண்ணிடம் கேட்டான் பெனிக்னோ.

"சொல்ல முடியாதுங்க ஐயா. கீழ இன்னும் என்னென்ன இருக்குன்னு பாக்கணும்," என்றாள் அவள்.

"அப்ப என் பொண்டாட்டி?"

அவள் படியை அண்ணாந்து பார்த்தாள். அவளுக்கு உண்மையிலேயே வருத்தம்தான். வருத்தம் வந்து குழாய் போடுமா?

பனிக்காலம் வந்தது. கசில்டாவைத் தனியாகத் தூக்கித் தூக்கி பெனிக்னோவின் முதுகு விட்டுப்போனது. ஒருநாள் மகள் வீட்டுக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ்காரர்கள் அவளை நாற்காலியோடு இறக்கினார்கள். கீழறை திறந்திருந்தது. ஈரம் படக்கூடாதென்று கல்லுக்குப் பக்கத்தில் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"பன்னிக்குக் கீழ எடம் கெடச்சிருச்சு. கணப்பு வேற," என்றாள் கசில்டா. அதைத் திட்டாகச் சொல்லியிருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான்.

ஆறாவது மாடியில் மகள் நூரியா அவளை ஜன்னலோரம் உட்காரவைத்தாள்.

"பாரும்மா, கோட்டை முழுசும் தெரியுது! இதப் பாக்கத்தானே ஒலகமே வருது."

வெயிலில் மதிலும் கோபுரங்களும் மஞ்சளாக மின்னின. உள்ளேயே வாழ்ந்தவள் இப்படி அதை வெளியிலிருந்து பார்த்ததே இல்லை. வெகுநேரம் தேடினாள்.

"நம்ம வீடு எங்கய்யா?"

"மதில் மறைக்குது, கசில்டா," என்றான் பெனிக்னோ.

"அப்ப நாற்காலியத் திருப்பு."

திருப்பினான். அவனால் ஆனது அது ஒன்றுதான்.